‘யெஸ் யெஸ்’ என்று தலையாட்டுவதற்கு முன்னால்: அமெரிக்கப் போலீஸிடம் தமிழில் பேசுவது எப்படி?

போன வருடம் அம்மா எங்களோடு ஆறு மாதம் தங்க நியூஜெர்சி வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்திய மளிகைக் கடையின் பார்க்கிங்கில் என் மனைவி காரைப் பின்னால் எடுக்க, குறுக்கே வேகமாக வந்த இன்னொரு கார் எங்கள் பம்பரை உரசிக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. போலீஸ்காரர் வந்தார், சின்ன வயது, சிரித்த முகம். மனைவி அந்தக் காரின் இன்சூரன்ஸ் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பின் சீட்டில் முருங்கைக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அவர் குனிந்து ஏதோ கேட்டார். அம்மா “யெஸ், யெஸ்” என்றார். இன்னொன்று கேட்டார். அதற்கும் “யெஸ்”.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால், அந்தக் கார் வருவதை டிரைவர் பார்த்தும் நிறுத்தவில்லை என்று பின் சீட்டுச் சாட்சி சொன்னதாக எழுதியிருந்தது. “ஏம்மா அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன். “அவன் என்ன கேட்டான்னு யாருக்குத் தெரியும்? சிரிச்சுக்கிட்டே கேட்டான், நானும் சரின்னேன்.”

அமெரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கேஸ் என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும். ஆனால் அந்த இடத்தில் நிற்கும் முதல் ஐந்து நிமிடத்துக்கு வக்கீல் வர மாட்டார், அதற்குத்தான் இது. ஆங்கிலம் தெரியாதது குற்றம் கிடையாது. புரியாததைப் புரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில்தான் முக்கால்வாசி வம்பு ஆரம்பிக்கிறது.

முதலில் ஓர் அட்டை

விசிட்டிங் கார்டை விடக் கொஞ்சம் பெரிய அட்டை ஒன்று தயார் செய்யுங்கள். அதில் பெரிய ஆங்கில எழுத்தில்: “ஐ டூ நாட் ஸ்பீக் இங்கிலீஷ். ஐ ஸ்பீக் டமில். நாட் ஹிந்தி. ப்ளீஸ் கால் எ டமில் இன்டர்பிரட்டர்.” அதற்குக் கீழே பெயர், வீட்டு முகவரி, மகன் அல்லது மகளின் போன் நம்பர், சர்க்கரை, இதய நோய் ஏதாவது இருந்தால் அது. பின்பக்கம் அதையே தமிழில் அச்சடியுங்கள், என்ன காட்டுகிறோம் என்பது காட்டுகிறவருக்கும் தெரிய வேண்டும் இல்லையா.

‘நாட் ஹிந்தி’ எதற்கு என்றால், ‘இந்தியா’ என்று சொன்னவுடனே ஹிந்தி மொழிபெயர்ப்பாளரைத்தான் கூப்பிடுவார்கள். ‘ஸ்ரீலங்கா’ என்றால் சிங்களம் வந்து நிற்கும். இங்கே பல அலுவலகங்களில், உங்கள் மொழி எது என்று விரலால் தொட்டுக் காட்ட ஒரு தாள் வைத்திருப்பார்கள். சென்சஸ் துறை தயாரித்த அந்தத் தாளில் முப்பத்தெட்டு மொழிகள் இருக்கின்றன. ஹிந்தி, வங்காளம், உருது எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. இல்லையே என்று பக்கத்தில் இருக்கும் ஹிந்தியைத் தொட்டுவிடாதீர்கள். “டமில், டி-ஏ-எம்-ஐ-எல்” என்று எழுத்துக் கூட்டிச் சொல்ல அப்பா அம்மாவுக்குப் பழக்கிவிடுங்கள். ‘ழ’வை எல்லாம் அங்கே காப்பாற்ற முடியாது, ‘டமில்’ என்றால்தான் அவர்களுக்குப் பிடிபடும்.

அட்டையைச் சட்டைப் பையிலோ, வேட்டி மடிப்பிலோ, புடவைச் செருகலிலோ வைக்கக் கூடாது. கழுத்தில் கயிறு கட்டி, வெளியே தெரிகிற மாதிரி தொங்க வேண்டும். அப்பா “நான் என்ன ஸ்கூல் பையனா?” என்று கேட்பார். கேட்கட்டும். காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

அப்புறம், 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு அது ஐ-94 என்ற வருகைப் பதிவு. இணையத்தில் எடுத்து அச்சடித்து, பாஸ்போர்ட் நகலோடு அட்டைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.

நடைப்பயிற்சி போகும்போது

2015 பிப்ரவரியில் அலபாமா மாநிலத்தின் மேடிசன் நகரில் நடந்தது இது. குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தார் 57 வயதுப் பெரியவர் ஒருவர். காலையில் மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் யாரோ சந்தேகப்பட்டுப் போலீஸுக்குப் போன் செய்ய, வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். அவர் “நோ இங்கிலீஷ்”, “இந்தியா” என்றார், வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். சொன்னபடி கேட்கவில்லை, விலகப் பார்த்தார் என்று ஒரு போலீஸ்காரர் அவர் கைகளைப் பின்னால் பிடித்துக் காலை வாரித் தரையில் தள்ளினார். கழுத்தெலும்பில் அடி, அறுவை சிகிச்சை, உடம்பின் ஒரு பகுதி செயலிழந்தது. அந்தப் போலீஸ்காரர் மீதான மத்திய வழக்கில் ஜூரி இரண்டு முறை முடிவுக்கு வர முடியாமல் போய், 2016 ஜனவரியில் நீதிபதி அவரை விடுவித்துவிட்டார். 2021இல் நகராட்சி 17.5 லட்சம் டாலர் கொடுத்து சிவில் வழக்கை முடித்துக்கொண்டது. போலீஸ் காரிலிருந்த கேமராவில் பதிவானதால்தான் இவ்வளவும் வெளியே வந்தது.

நம் பெரியவர்களும் காலையில் குரங்குக் குல்லாவும் செருப்புமாக நடக்கப் போகிறவர்கள்தான், அதனால் இந்தச் சம்பவத்தை அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு இதைப் பழக்குங்கள்: போலீஸ் கூப்பிட்டால் நின்றுவிட வேண்டும். நடையைத் தொடரக் கூடாது, திரும்பி வீட்டைப் பார்த்துப் போகவே கூடாது. இரண்டு கையும் வெளியே, விரல்கள் விரிந்து தெரிய வேண்டும். பைக்குள் கை போகக் கூடாது. கண்ணாடி எடுக்க, போன் எடுக்க, கும்பிட்டுவிட்டு முகவரிச் சீட்டை எடுக்க என்று நமக்கு அது சாதாரணமாகப் போகும் கை, அவர்களுக்குத் துப்பாக்கி எடுக்கப் போகும் கை. கழுத்தில் தொங்கும் அட்டையைக் கண்ணால் காட்டி, “நோ இங்கிலீஷ். டமில். கார்ட்” என்று சொன்னால் போதும்.

இன்னொன்று நம் தலையாட்டல். இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அது நமக்கு ‘சரி’, ‘புரிகிறது’, ‘பார்க்கலாம்’ எல்லாம். இங்கே பார்க்கிறவர்களுக்கு அது ‘மாட்டேன்’ மாதிரி தெரியும், கேள்வி என்ன என்பதைப் பொறுத்து ‘ஆமாம்’ மாதிரியும் தெரியலாம். தலையை ஆட்டாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் ஒரு தடவை முயன்று பாருங்கள், சிரிப்பு வரும்.

காரை நிறுத்தினால்

ஊரில் டிராஃபிக் போலீஸ் கையைக் காட்டினால் என்ன செய்வோம்? வண்டியை ஓரம் கட்டிவிட்டு, இறங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு நாமே அவரிடம் நடந்துபோவோம். அதுதான் மரியாதை. இங்கே அதைச் செய்யவே கூடாது. காரை வலப்பக்கம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இரவானால் உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில், பின்னால் இருப்பவர்களும் கையை மடிமேல் தெரிகிற மாதிரி வைக்கட்டும். லைசென்ஸும் ரிஜிஸ்ட்ரேஷனும் கையுறைப் பெட்டியில் இருந்தால், அவர் கேட்ட பிறகு, “க்ளவ் பாக்ஸ்” என்று சொல்லிக் காட்டிவிட்டு மெதுவாக எடுங்கள்.

ஓட்டுகிறவர் லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் காட்டியாக வேண்டும். அதற்கு மொழி வேண்டாம். அதைத் தாண்டி “டு யூ நோ ஒய் ஐ ஸ்டாப்ட் யூ?” என்று ஆரம்பித்தால், “சாரி சார், சாரி சார்” என்று அடுக்காதீர்கள். ‘சாரி’ நமக்கு வாய்ப்பழக்கம், ரிப்போர்ட்டில் அது ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். “டமில் இன்டர்பிரட்டர், ப்ளீஸ்.” அவ்வளவுதான்.

டிக்கெட்டில் கையெழுத்துக் கேட்டால் பதற வேண்டாம். பல மாநிலங்களில் அந்தக் கையெழுத்துக்கு ‘கோர்ட்டுக்கு வருகிறேன்’ அல்லது ‘வாங்கிக்கொண்டேன்’ என்றுதான் அர்த்தம், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக இல்லை. கோர்ட் தேதிக்கு முன்பே போன் செய்து தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவையுங்கள். அன்றைக்குக் காலையில் போய்க் கேட்டால் தேதி தள்ளிப்போகும். இன்னொரு நாள் லீவு போட வேண்டியதுதான்.

911 அடிக்கும்போது

ஊர் ஞாபகத்தில் 100 அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் 911 என்பதை வீட்டு முகவரியோடு சேர்த்து எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். போனை எடுத்தவுடன் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: முகவரி, ‘டமில்’, ‘போலீஸ்’ அல்லது ‘ஃபயர்’ அல்லது ‘ஆம்புலன்ஸ்’. முகவரிதான் முதலில், ஏனென்றால் லைன் துண்டித்துப் போனாலும் எங்கே வர வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் நம் ஆட்கள் தப்பு செய்கிறார்கள். மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்க்க அரை நிமிடமோ ஒரு நிமிடமோ ஆகும். அந்த நேரத்தில் சத்தமே இருக்காது, அல்லது ஆங்கிலத்தில் ஏதோ பேசுவார்கள். ‘கட்டாயிடுச்சு போல’ என்று வைத்துவிடுவோம். வைக்காதீர்கள். தமிழ்க் குரல் வரும்வரை காதிலேயே வைத்திருங்கள். இந்தியாவுக்கு 011 91 அடிக்கப் போய்க் கை தவறி 911 விழுந்துவிட்டாலும் பயந்து வைத்துவிடாமல், “மிஸ்டேக், நோ எமர்ஜென்சி” என்று சொல்லிவிட்டு வையுங்கள். வைத்துவிட்டால் திரும்பக் கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் வாசலில் வந்து நிற்பார்கள்.

போனில் வரும் தமிழ்க் குரல்

போனில் மொழிபெயர்க்கும் இந்த ஏற்பாடு போலீஸ் வேலையிலிருந்தே வந்தது. வியட்நாம் அகதிகள் நிறையக் குடியேறிய கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், அவர்களோடு பேச முடியாமல் திண்டாடிய போலீஸ்காரர் ஒருவர், ராணுவத்தில் மொழி வேலை பார்த்த நண்பரோடு சேர்ந்து 1982இல் தொடங்கியதுதான் இன்றைய லாங்குவேஜ்லைன் நிறுவனம். இப்போது பல போலீஸ் துறைகள் இப்படி ஏதாவது ஒரு சேவைக்குப் பணம் கட்டி வைத்திருக்கின்றன. ஸ்பீக்கரில் போட்டுப் பேச ஒரு போன் போதும். அதனால் ‘இந்த ஊரில் தமிழ் ஆள் கிடையாது’ என்ற பதிலைக் கேட்டால், “போன் இன்டர்பிரட்டர்?” என்று ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். சில நேரம் அந்தப் போலீஸ்காரருக்கே அப்படி ஒரு நம்பர் தன் துறையில் இருப்பது தெரிந்திருக்காது.

தமிழ்க் குரல் கேட்டவுடன் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதில்தான் ஆபத்து. ‘அப்பாடா, நம்ம ஊர் ஆள்’ என்று மனசைக் கொட்டிவிடத் தோன்றும். அவர் உங்கள் ஆள் இல்லை, உங்கள் வக்கீலும் இல்லை. நீங்கள் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்வதுதான் அவர் வேலை. “தம்பி, இதைச் சொல்லாதீங்க, உங்களுக்கு மட்டும் சொல்றேன்” என்று ஆரம்பித்தால் அதுவும் ஆங்கிலத்தில் போகும். “ஐயோ, எல்லாம் என் தப்புதான்” என்று தலையில் அடித்துக்கொண்டு புலம்பினால், புலம்பல் என்று மொழிபெயர்க்க மாட்டார், தப்பு என்றுதான் மொழிபெயர்ப்பார். கோபத்தில் மகனிடம் “கொன்னுடுவேன் உன்னை” என்று சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள் என்றால், ஆங்கிலத்தில் அது கொலை மிரட்டல். நம் வீடுகளில் தினம் நாலு தடவை விழுகிற வார்த்தை அது, இங்கே அதற்குக் கைவிலங்கு வரும்.

ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவர் முடிக்கட்டும், அப்புறம் அடுத்தது. அவர் ‘நான்’ என்றால் அது நீங்கள்தான், குழம்ப வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழர் வந்தால் “விளங்குதா?” என்பார், மதுரைக்காரருக்கு முதலில் காது பழகாது. மட்டக்களப்பிலிருந்து வந்தவருக்குச் சென்னைத் தமிழ் அதைவிட மோசம். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று அவரிடமே சொல்லுங்கள், அதையும் அவர் போலீஸிடம் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் அவர் தன் பெயருக்குப் பதிலாக ஓர் எண்ணைச் சொல்வது வழக்கம். முடிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் சண்டை வந்தால் அந்த எண்தான் பிடி.

பெயரும் பிறந்த தேதியும் தனித் தலைவலி. ‘லாஸ்ட் நேம்’ கேட்டால் நமக்கு இருப்பது இனிஷியல். ஓர் இடத்தில் அப்பா பெயர், இன்னோர் இடத்தில் சொந்தப் பெயர் என்று மாற்றிச் சொன்னால், பொய்ப் பெயர் கொடுத்ததாகப் படும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எப்போதும். தேதியை இங்கே மாதத்தில் ஆரம்பிப்பார்கள், 05-08 என்றால் மே எட்டு. அதனால் மாதத்தைப் பெயராகவே சொல்லிவிடுங்கள்.

பிள்ளையும் வேண்டாம், புருஷனும் வேண்டாம்

வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது பத்து வயதுப் பேத்திக்கு மட்டும்தான் என்றால், போலீஸும் அவளைத்தான் பார்க்கும், தாத்தாவும் அவளைத்தான் பார்ப்பார். தண்ணீர் எங்கே, கதவு எங்கே என்பதற்குச் சரி. யார் அடித்தார்கள், எங்கே தொட்டார்கள், எவ்வளவு பணம் போயிற்று என்பதை எல்லாம் ஒரு குழந்தை வாயால் சொல்லவைப்பது தப்பு, அது சொல்வது முழுசாகவும் இருக்காது. ஆம்புலன்ஸ் வரும்வரை, உயிர் போகிற அவசரத்தில் மட்டும் குழந்தையைப் பயன்படுத்தலாம்.

இதைவிட மோசமானது, புகார் யார் மேலோ அவரே மொழிபெயர்ப்பது. புதிதாகக் கல்யாணமாகி, கணவனின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த பெண். அடி விழுகிறது, சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்கிறார். கதவைத் திறப்பது கணவன், சுத்தமான ஆங்கிலம், ஐ.டி. கம்பெனி அட்டை வேறு. “என் மனைவிக்கு இங்கிலீஷ் வராது, கொஞ்சம் அப்செட்டா இருக்கா” என்கிறார். அவள் உள்ளிருந்து தமிழில் அழுகிறாள். முடிந்தது கதை. சில சமயம் இன்னும் விபரீதமாக, தடுக்கும்போது அவள் நகம் அவர் கையில் பட்ட கீறலைக் காட்டி அவளையே பிடித்துக்கொடுத்துவிடுவார்கள்.

அதனால் பெண்கள் இரண்டு வார்த்தையையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “நாட் ஹஸ்பண்ட். டமில் இன்டர்பிரட்டர்.” தனி அறையில் பேச வேண்டும் என்று கையால் காட்டுங்கள். போலீஸ் வேண்டாம், முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால், தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233 இருக்கிறது, அங்கேயும் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். நியூஜெர்சியில் 1985இல் தொடங்கிய மானவி, நியூயார்க்கில் 1989இல் தொடங்கிய சகி, இரண்டும் தெற்காசியப் பெண்களுக்காகவே இருக்கும் அமைப்புகள். போலீஸுக்குப் போனால் விசா போய்விடும் என்று மிரட்டுவார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுகிறவர்களுக்காக யூ விசா என்றே ஒன்றை 2000இல் சட்டம் உண்டாக்கியிருக்கிறது. அது கிடைக்க வருடக்கணக்கில் ஆகும் என்பது வேறு விஷயம்.

போன் ஆப்பும் ‘டு யூ மைண்ட்’டும்

இப்போதெல்லாம் போலீஸ்காரர் தன் போனை எடுத்து கூகுள் டிரான்ஸ்லேட்டில் தட்டிக் காட்டுவது சகஜமாகிவிட்டது. வழி கேட்க அது போதும். சோதனைக்குச் சம்மதம் கேட்க அது போதாது. 2017இல் கான்சஸ் மாநிலத்தில் ஒரு மெக்சிகோக்காரர் காரை நிறுத்தி, ‘காரைச் சோதனை போடலாமா?’ என்று இந்த ஆப் வழியாக ஸ்பானிஷில் கேட்டார்கள். ஆப் கொடுத்த வாக்கியத்துக்கு ‘காரைத் தேடலாமா?’ என்பது போலத்தான் அர்த்தம். காரில் போதைப்பொருள் கிடைத்தது. ஆனாலும் 2018இல் நீதிபதி, இப்படிக் கேட்டு வாங்கியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, அந்தச் சாட்சியத்தையே ஒதுக்கிவிட்டார். தமிழிலும் ‘தேடு’வும் ‘சோதனை போடு’வும் ஒன்றில்லை, இதே குழப்பம் நமக்கும் வரும்.

ஆப் இல்லாமல் கேட்டாலும் ஒரு பொறி இருக்கிறது. “டு யூ மைண்ட் இஃப் ஐ டேக் எ லுக்?” என்பார்கள், ரொம்பப் பணிவாக. இதற்கு ‘நோ’ என்றால் ‘ஆட்சேபணை இல்லை, பாருங்கள்’ என்று அர்த்தம். ஏதோ வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்து நாம் ‘நோ நோ’ என்போம், அவர் டிக்கியைத் திறப்பார். மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை, அது 1973லேயே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம். ஆகவே எஸ்ஸும் வேண்டாம், நோவும் வேண்டாம். “ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச்.” முழு வாக்கியமாகப் பழகிக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் அவர்கள் தேடினால் கையைப் பிடித்துத் தடுக்கக் கூடாது. வாயால் மறுத்தது பதிவானால் போதும், மிச்சம் கோர்ட்டில்.

கைது என்றால்

காவலில் வைத்துக் கேள்வி கேட்பதற்கு முன்னால் படிக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது, 1966ஆம் வருடத் தீர்ப்பால் வந்தது, மிராண்டா என்று சொல்வார்கள். பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உங்களுக்கு எதிராகவே பயன்படும், வக்கீலை வைத்துக்கொண்டு பேசலாம், வசதி இல்லாவிட்டால் வக்கீலை அவர்களே ஏற்பாடு செய்ய வேண்டும். நாலே விஷயம். ஆங்கிலத்தில் அது “யூ ஹேவ் த ரைட்…” என்று ஆரம்பிக்கும். நம் ஊரில் ‘ரைட்’ என்றால் கண்டக்டர் விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்வது, அல்லது ‘ரைட்டு, விடு’. உரிமை என்ற அர்த்தம் யாருக்குச் சட்டென்று தோன்றும்? வரிசையாக “ரைட்… ரைட்…” என்று காதில் விழ, நாமும் “ரைட் சார்” என்று தலையாட்டி, கடைசியில் “டு யூ அண்டர்ஸ்டாண்ட்?” என்றதற்கும் “யெஸ் சார்” என்றால், உரிமையை எல்லாம் தெரிந்தே விட்டுக்கொடுத்ததாக எழுதிவிடுவார்கள்.

புரியாமல் விட்டுக்கொடுத்தது செல்லாது என்று பின்னால் கோர்ட்டில் வாதாடலாம்தான். ஆனால் ‘யெஸ்’ சொன்ன வீடியோவோடு வாதாடுவது மேட்டில் வண்டி தள்ளுகிற மாதிரி. “நோ. டமில்.” என்பதுதான் பதில். சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் போதாது, 2010லும் 2013லும் வந்த தீர்ப்புகளுக்குப் பிறகு ‘பேச விரும்பவில்லை’ என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: “ஐ வாண்ட் டு ரிமெய்ன் சைலண்ட். ஐ வாண்ட் எ லாயர்.” இந்த இரண்டு வாக்கியத்தையும் சொல்லிவிட்டு, அப்புறம் காபி கொடுத்து “சும்மா பேசலாம்” என்றாலும் பேசாதீர்கள்.

நீங்கள் இந்தியக் குடிமகனோ இலங்கைக் குடிமகனோ என்றால், உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமையும் இருக்கிறது, 1963 வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு. “கான்சுலேட்” என்ற ஒரு சொல் போதும்.

காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

படிக்கத் தெரியாத எதிலும் கையெழுத்து வேண்டாம். சாட்சியாகவோ பாதிக்கப்பட்டவராகவோ வாக்குமூலம் கொடுக்க வேண்டி வந்தால், தமிழில் நீங்களே எழுதித் தருவதாகக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், அவர் எழுதிய ஆங்கிலத்தைப் போன் மொழிபெயர்ப்பாளர் வரிவரியாகத் திருப்பிச் சொன்ன பிறகு மட்டும் கையெழுத்து. கிளம்புவதற்கு முன் ரிப்போர்ட் எண், போலீஸ்காரரின் பேட்ஜ் எண் இரண்டையும் வாங்குங்கள்.

சரி, மொழிபெயர்ப்பாளரைக் கேட்டும் கொடுக்கவில்லை என்றால்? மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தத் துறையும், போலீஸ் உட்பட, பூர்வீக நாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது 1964 குடிமை உரிமைகள் (சிவில் ரைட்ஸ்) சட்டத்தின் ஆறாம் தலைப்பு. மொழியும் அதில் அடங்கும் என்று 1974இல் சான் பிரான்சிஸ்கோவின் சீன மாணவர்கள் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதை வைத்து 2000 ஆகஸ்டில் கிளின்டன் போட்ட 13166ஆம் உத்தரவுதான் மொழி உதவிக்கு இருபத்தைந்து வருடம் அடிப்படையாக இருந்தது. 2025 மார்ச் 1ஆம் தேதி டிரம்ப் ஆங்கிலத்தை ஆட்சி மொழியாக அறிவித்து அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டார். இதைக் கேள்விப்பட்டு ‘இனிமேல் மொழிபெயர்ப்பாளரே கேட்க முடியாதாம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தப்பு. ரத்தானது அதிபரின் உத்தரவு, 1964 சட்டம் அப்படியே இருக்கிறது. மாநில, நகரச் சட்டங்களும் இருக்கின்றன. நியூயார்க் நகரின் 2017 உள்ளூர்ச் சட்டம் 30, நகரத் துறைகள் குறைந்தது நூறு மொழிகளில் போன் மொழிபெயர்ப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது. முக்கியப் படிவங்கள் மொழிபெயர்க்கப்படும் பத்து மொழிகளில் தமிழ் இல்லை, போனை மட்டும்தான் நம்ப வேண்டும்.

புகாரை முதலில் அந்தத் துறையின் உள் விசாரணைப் பிரிவுக்குக் கொடுங்கள். மேலே போக வேண்டும் என்றால் மத்திய நீதித்துறையின் சிவில் உரிமைப் பிரிவு, சம்பவம் நடந்து 180 நாளுக்குள். மொழிபெயர்ப்பாளரை எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், யாரிடம், என்ன பதில் வந்தது என்பதை அன்று இரவே எழுதி வைத்துவிடுங்கள். அதுவும், போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருக்கும் பாடி கேமராவின் வீடியோவும் கையில் இருந்தால் புகாருக்கு உயிர் இருக்கும். வீடியோவைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள், சீக்கிரம் எழுதிக் கேளுங்கள்.

எங்கள் விஷயத்தில் நாங்கள் புகார் எதுவும் கொடுக்கவில்லை. ரிப்போர்ட் நகலை எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், சாட்சிக்கு ஆங்கிலம் தெரியாது, போன் மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடியும் கேளுங்கள் என்றோம். கவுண்டரில் இருந்தவர் முதலில் என்னைப் பார்த்து, “நீயே சொல்லேன், நீதான் நன்றாகப் பேசுகிறாயே” என்றார். நான் டிரைவரின் கணவன், நான் சொன்னால் எடுபடுமா என்று கேட்ட பிறகு போனை எடுத்தார். தமிழ்க் குரல் வர நாலு நிமிடம் ஆனது. அம்மா இருபது நிமிடம் பேசினார். முதலில் அந்தப் பெண்ணுக்கு எந்த ஊர் என்று விசாரித்தார், அதையும் அந்தப் பெண் அட்சரம் பிசகாமல் ஆங்கிலத்தில் சொல்ல, கவுண்டர்காரர் சிரித்துவிட்டார். பின் கண்ணாடி வழியாக எதையும் பார்க்கவில்லை, முருங்கைக்காய் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன் என்பதுதான் அம்மாவின் வாக்குமூலம். பழைய ரிப்போர்ட்டோடு ஒரு பக்கத் துணை அறிக்கையாக அது சேர்ந்தது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அதைத்தான் அனுப்பினோம்.